ஆழ்துளையும் பாதாளக் கரண்டியும்



பாதாளக் கரண்டி என்னும் பொருளை இன்றைய சிறுவர்களில் பலர் பார்த்திருக்க மாட்டார்கள். இரும்பு வளையம் ஒன்றிலிருந்து பல கொக்கிகள் தொங்கும். அவற்றின் முனைகள் வெவ்வேறு திசைகளில் வளைந்திருக்கும். வளையத்தில் நீண்ட கயிறு கட்டியிருக்கும். நீர் இறைக்கும்போது கயிறு அறுந்து வாளியோ குடமோ கிணற்றில் விழுந்துவிட்டால், இதனை உள்ளே இறக்கி, அடிமண்ணைத் தடவித் தடவி, ஏதேனும் ஒரு கொக்கியில் பாத்திரம் மாட்டிக்கொள்ளும் வரையில் பொறுத்திருந்து மேலே இழுப்பார்கள். பெயரிலேயே கிணற்றைத் தாங்கியிருக்கும் எங்கள் மல்லாங்கிணற்றில், என் இளமைக் காலத்தில், தெருவுக்கு ஒரு வீட்டில்தான் அக்கருவி இருந்தது. எங்கள் தெருவில் அது எங்கள் வீட்டில் இருந்தது. இரவல் கேட்டு வருபவர் ஒரு செம்பையோ தவலையையோ ஈடாக வைத்துவிட்டுத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். என் பாட்டி இந்த விஷயத்தில் உறவினர், அயலார் என்னும் வேற்றுமை பாராட்டியதே இல்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆபத்துக் காலங்களில் யந்திர மனிதனும் புதிய விஞ்ஞானக் கருவிகளும் எவ்வாறு உதவுகின்றன என்பது. இது மிகப் பரந்த பொருள். 2001ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் இரட்டைக் கோபுரங்கள் இடிந்து வீழ்ந்தபோது, மனிதர் நுழைய இயலாத இடுக்குகளில் சிறிய யந்திரங்கள் ஊர்ந்து சென்று தேடின. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில், கதிர்வீச்சு மனிதனை அண்டவிடாத அறைகளுக்குள் யந்திரங்களே அனுப்பப்பட்டன. 2024இல் வயநாட்டில் மலை சரிந்தபோது, ஆளில்லாத சிறு விமானங்கள் மேலே பறந்து இடிபாடுகளைப் படம் பிடித்தன. இவற்றைப் பற்றியெல்லாம் விரித்துரைக்க வல்லவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். வானம் பார்த்த பூமியில் வாழும் எனக்கோ, இப்பொருள் முழுவதும் ஆறரை அங்குல அகலமுள்ள ஒரு துவாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆழ்துளைக் கிணற்றைத்தான் சொல்லுகிறேன்.

யந்திர மனிதனைக் குறிக்கும் ‘ரோபோ’ என்ற சொல் பிறந்த கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களுக்குச் சொல்லாராய்ச்சியை விட்டுவிட மனம் வராது. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட ஒரு நாடகத்தில்தான் அச்சொல் முதன்முதலாகத் தோன்றியது. அவருடைய மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கட்டாய ஊழியம் என்பது பொருள். நம் பக்கத்தில் ‘வெட்டி வேலை’ என்று ஒரு காலத்தில் சொன்னார்களே, ஏறத்தாழ அதுதான். ஆகவே ரோபோ என்றவுடன் இரண்டு கால்களோடு நடந்து வரும் இரும்பு மனிதனைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. நம்மால் செய்ய முடியாத இடத்தில் நமக்காக ஊழியம் செய்யும் எந்தக் கருவிக்கும் அப்பெயர் பொருந்தும்.

பழைய கிணறுகள் அகன்ற வாயுடையவை. கமலை பூட்டி இறைத்த எங்கள் தோட்டக் கிணற்றில், ஓர் ஆள் உள்ளிறங்கிச் செல்லப் பக்கச் சுவரில் கற்படிகள் இருந்தன. சிறுவர்கள் அதில் விழுந்ததுண்டு. நானும் ஒருமுறை விழுந்தேன். கமலை ஓட்டிக்கொண்டிருந்தவர் மாட்டை அப்படியே விட்டுவிட்டுக் குதித்து, என் குடுமியைப் பற்றி இழுத்துக் கொணர்ந்து படியில் உட்காரவைத்தார். முழுமையான மீட்புப் பணி அவ்வளவுதான். கிணறு ஒரு மனிதனை உள்ளே வர அனுமதித்தது. அதனால் மனிதனே கருவியாக இருந்தான்.

பிறகு நீர்மட்டம் தாழ்ந்தது. திருச்செங்கோட்டிலிருந்து போர் வண்டிகள் எங்கள் ஊர்ச் சாலைகளுக்கு வரலாயின. காற்றழுத்தத்தால் இயங்கும் சம்மட்டி பாறையைப் பொடியாக்க, அப்பொடி மேலே பீறிட்டு எழ, ஒரே இரவில் 400 அடி ஆழத்துக்குத் துளை போட்டுவிடுவார்கள். துளையின் அகலம் பெரும்பாலும் நாலரை அல்லது ஆறரை அங்குலம். மேலேயுள்ள தளர்ந்த மண் சரியாமலிருக்கப் பாறை தொடங்கும் இடம் வரையில் ஒரு குழாயை இறக்குவார்கள். அதற்குக் கேசிங் குழாய் என்று பெயர். அதற்குக் கீழே வெறும் பாறைதான் சுவர். தண்ணீர் கிடைத்தால் மேலே மோட்டார் ஏறும், மூடி விழும். கிடைக்காவிட்டாலோ, செலவில் ஒரு பகுதியையேனும் மீட்கலாம் என்று நிலத்துக்காரர் அந்தக் கேசிங் குழாயையும் உருவி விற்றுவிடுவார். அபாயம் பிறப்பது அந்தக் கணத்தில்தான். எங்கள் கரிசல் மண்ணோ கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். மழையில் ஊதிக் குழையும். குழாய் இல்லாத துவாரத்தின் வாய் ஆண்டுக்கு ஆண்டு புனல்போல் அகன்றுகொண்டே போகும். அதன்மேல் சீமைக் கருவேலும் கோரையும் மண்டிவிட்டால், போட்டவனுக்கே இடம் மறந்துபோகும்.

அப்படிப்பட்ட துளைக்குள் ஒரு குழந்தை விழுந்தால் மீட்பது ஏன் அவ்வளவு கடினம்? பெரிய படிப்பு வேண்டாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். குறுகிய கழுத்துள்ள ஜாடி ஒன்றில் எலுமிச்சம்பழத்தைப் போட்டு, கையை விட்டு எடுக்க முயலுங்கள். விரித்த கை உள்ளே போகும். பழத்தைப் பற்றி மூடிய கை வெளியே வராது. துளையில் சிக்கிய குழந்தையோ ஜாடியின் கழுத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் பழம். அதன் உடலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடம்கூட இராது. கைகள் பெரும்பாலும் தலைக்கு மேல் தூக்கியபடி இருக்கும். ஈரத்தாலும் மண்ணாலும் அந்தக் கைகள் வழுக்கும். மேலிருந்து எது அழுத்தினாலும் குழந்தை கீழே நழுவும். சுற்றிலும் நிலம் அதிர்ந்தாலும் நழுவும். ஆகவே மீட்பவர்கள் முதலில் செய்ய வேண்டியவை மூன்று: மெல்லிய குழாய் வழியே பிராணவாயு அனுப்புதல், காமிராவும் விளக்கும் இறக்கிக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தல், இன்னும் கீழே போகாமல் அதைப் பிடித்து நிறுத்துதல். தூக்குவது என்பது அதற்குப் பிறகுதான்.

மதுரையைச் சேர்ந்த மணிகண்டன் என்பவர் இதற்கென்றே ஒரு கருவியை உருவாக்கினார். தொழிற்பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் அவர் என்று அறிந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டாயிற்று. தம் மகனே சிறு வயதில் துளையொன்றில் தவறி விழுந்து மீண்ட அனுபவம் அவரை இவ்வழியில் தூண்டியதாம். அவருடைய கருவி, சுருங்கச் சொன்னால், கண் முளைத்த பாதாளக் கரண்டி. கயிற்றில் கட்டி இறக்கும் ஓர் உலோகச் சட்டம். அதில் காமிராவும் விளக்கும். கீழ்ப்புறத்தில், மின்விசையால் விரிந்து சுருங்கும் உலோகக் கைகள். மேலே இருப்பவர் சிறு திரையில் பார்த்துக்கொண்டே அக்கைகளைக் குழந்தையின் கைக்கோ உடலுக்கோ இணங்கப் பொருத்தி, மெல்ல இறுக்கி, மெல்லத் தூக்க வேண்டும். என் பாட்டி கொக்கியை விட்டுத் தடவியது குருட்டுத் தடவல். இது பார்த்துத் தடவுவது. வித்தியாசம் அதுவே, ஆனால் உயிருள்ள பொருளைத் தூக்கும்போது அந்த வித்தியாசம் சாதாரணமானதன்று.

2014ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், சங்கரன்கோவிலை அடுத்த குத்தாலப்பேரி என்னும் சிற்றூரில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் துளையில் விழுந்தான். மதுரையிலிருந்து இக்கருவி விரைந்தது. சில மணி நேரத்துக்குள் சிறுவனை உயிரோடு மேலே கொண்டுவந்தார்கள். எங்கள் மாவட்டத்துக்கு அண்டையில் நடந்த செய்தியாதலால், மறுநாள் பள்ளிக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நானே வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். இனிக் கவலையில்லை, யந்திரம் வந்துவிட்டது என்று நானும் நினைத்தேன். ஒரு வெற்றியைக் கண்டு விதியை வகுத்துவிடும் அவசரத்தை மாணவனிடத்தில் கண்டால் கண்டிப்பேன். என்னிடத்தில் அன்று கண்டிக்கவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில், சூளிகேரி என்னும் ஊரில், மற்றொரு சிறுவன் விழுந்தான். மதுரைக் கருவி அங்கும் சென்றது. பலிக்கவில்லை. கருவி அதே கருவிதான். துளை வேறு, ஆழம் வேறு, கழிந்துபோன நேரம் வேறு. குழந்தை அதிக ஆழத்தில் இல்லாமல், கைகள் மேல்நோக்கி இருந்து, மேலே மண் விழாமல், ஆட்கள் விரைவில் வந்து சேர்ந்தால் யந்திரக் கை உதவும். தலைக்கு மேல் மண் விழுந்து மூடிவிட்டாலோ, பற்றுவதற்கு எதுவும் அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2019 அக்டோபர் 25ஆம் நாள் மாலையில் மணப்பாறை அருகிலுள்ள நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை நம்மில் மறந்தவர் இருக்க முடியாது. வீட்டையொட்டிய நிலத்தில், கைவிடப்பட்ட துளைக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. முதலில் ஏறத்தாழ 26 அடி ஆழத்தில்தான் தங்கியிருந்தது. பல ஊர்களிலிருந்து பல குழுவினர் தத்தம் கருவிகளோடு வந்தார்கள். குழந்தையின் ஒரு கையில் கயிற்றுச் சுருக்கு விழுந்தது. மறு கையில் விழவில்லை. முயற்சிகள் நடந்துகொண்டிருக்கையிலேயே குழந்தை படிப்படியாகக் கீழே நழுவி 88 அடிக்குப் போய்விட்டது. அதன்பின் யந்திரக் கைகளை ஒதுக்கிவிட்டு, பக்கத்திலேயே ஓர் ஆள் இறங்கக்கூடிய ஒரு மீட்டர் அகலத்தில் இன்னொரு துளை தோண்டத் தொடங்கினார்கள். எண்ணெய்க் கிணறு தோண்டும் நிறுவனத்தின் பெரிய யந்திரம் வந்தது. பாறை அதனை எதிர்த்து நின்றது. மேலும் வலிய யந்திரம் வந்தது. அதற்கும் பாறை எளிதில் இடங்கொடுக்கவில்லை. அக்டோபர் 27 தீபாவளி. எங்கள் தெருவில் பட்டாசுச் சத்தம் மிகக் குறைவாக இருந்தது. எல்லா வீடுகளிலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. 29ஆம் நாள் விடியற்காலையில் குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

பக்கத்தில் குழி தோண்டி அணுகும் வழி பயனற்றது என்று இதனால் கொள்ளக் கூடாது. 2006 ஜூலையில் ஹரியானாவின் குருக்ஷேத்திர மாவட்டத்தில், சுமார் 60 அடி ஆழத்தில் சிக்கிய ஐந்து வயதுச் சிறுவனை நமது ராணுவத்தினர் ஏறத்தாழ 50 மணி நேரத்துக்குப் பின் உயிரோடு மீட்டது இவ்வழியில்தான். அங்கே அருகில் ஒரு பழைய அகன்ற கிணறு இருந்தது பெரும் பாக்கியம். அதிலிறங்கிப் பக்கவாட்டில் சுரங்கம் வெட்டிச் சென்றார்கள். 2022 ஜூனில் சத்தீஸ்கரில் ஜாஞ்ச்கிர்-சாம்பா மாவட்டத்தில் விழுந்த சிறுவன் காது கேளாதவன், பேச இயலாதவன். மேலிருந்து கூப்பிட்டு அவனைத் தைரியப்படுத்தவும் வழியில்லை. காமிரா காட்டிய அசைவுகளே அவன் பேச்சு. குஜராத்திலிருந்து வந்த ஒரு ரோபோவும் முயன்று பார்த்து விலகியது. பக்கத்தில் பெருங்குழி தோண்டி, பாறையைக் குடைந்து, 100 மணி நேரத்துக்கு மேலான பிறகு அவனை உயிரோடு வெளியே கொணர்ந்தார்கள். ஆக, அந்த இரு சிறுவர்களையும் காத்தது யந்திரக் கை அன்று. ஆயினும் காமிராவும் காற்றுக்குழாயும் இல்லையேல் அத்தனை மணி நேரம் அவர்களை உயிரோடு வைத்திருந்திருக்க முடியாது. யந்திரத்தின் பங்கு எது, கையின் பங்கு எது என்று இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதே பாடத்தைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டியது உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கம். 2023 நவம்பர் 12, அதுவும் ஒரு தீபாவளி நாள், மண் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். நான்கு அங்குலக் குழாய் ஒன்றின் வழியே காற்றும் உணவும் போயின. பின்னர் ஆறு அங்குலக் குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் வழியே காமிரா அனுப்பி, அவர்கள் முகங்களை முதன்முறையாகக் கண்டார்கள். ஆறு அங்குலம்! எங்கள் ஊரில் குழந்தைகளை விழுங்கக் காத்திருக்கும் துவாரத்தின் அகலம் அங்கே 41 பேருக்குச் சோறு போட்டது. இடிபாட்டைத் துளைத்த பெரிய யந்திரம் இறுதிக் கட்டத்தில் இரும்புக் கம்பிகளில் சிக்கி உடைந்தது. எஞ்சிய சுமார் 12 மீட்டரையும், எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் எனப்படுவோர் குழாய்க்குள் குனிந்திருந்து கைக்கருவிகளால் குடைந்தெடுத்தார்கள். 17ஆம் நாள் அனைவரும் வெளியே வந்தார்கள்.

துளையே மீட்பு வழியான கதையும் நம் நாட்டில் உண்டு. 1989 நவம்பரில் வங்காளத்து ராணிகஞ்சில் மகாவீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தபோது, ஜஸ்வந்த் சிங் கில் என்னும் பொறியாளர் மேலிருந்து புதிய துளையிட்டு, ஓர் ஆள் நிற்கக்கூடிய எஃகுக் கூண்டைச் செய்வித்து, அதில் தாமே முதலில் இறங்கினார். 65 பேரை ஒவ்வொருவராக மேலே அனுப்பிவிட்டுக் கடைசியாக அவர் ஏறி வந்தார். 2010இல் சிலி நாட்டுச் சுரங்கத்தில் 33 பேரை 69 நாட்களுக்குப் பின் இவ்வகைக் கூண்டிலேயே தூக்கியதை உலகம் முழுதும் பார்த்தது. நம்மவர் 21 ஆண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டதை நம் பாடப் புத்தகங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

இனிச் சொல்லப் போவது என் சொந்த விஷயம். சொல்லாமல் விட்டால் இப்பேச்சுக்கு அர்த்தமில்லை.

2003ஆம் ஆண்டு கடும் வறட்சி. ஊருக்குக் கிழக்கே எங்களுக்குள்ள பருத்திக் காட்டில் ஒரு போர் போட்டேன். ஆறரை அங்குலம், 400 அடி. கடைசி வரையில் புழுதியே வந்தது. கேசிங் குழாயை உருவி விற்றேன். வாயில் ஒரு சாக்கை அடைத்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்தேன். வைத்த பின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைக் கவனிக்கப் போய்விட்டேன். குத்தாலப்பேரிச் செய்தியைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய அன்று, அந்தக் கல் என் நினைவுக்கு வரவில்லை. நடுக்காட்டுப்பட்டியில் எல்லாம் முடிந்துவிட்ட அந்த விடியற்காலையில்தான் வந்தது.

காலையில் காட்டுக்குப் போனேன். கல் சாய்ந்து கிடந்தது. சாக்கு மக்கி மறைந்துவிட்டது. வாய் ஓரடிக்கு மேல் அகன்றிருந்தது. பக்கத்துப் புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் என்னிடத்தில் படித்த மாணவனின் தாய். அவர் எழுந்து வந்து, “வாத்தியாரையா, அந்தப் பக்கம் போகாதீங்க, மண்ணு உள்வாங்குது. நாங்க பிள்ளைகளை இந்தக் கரைக்கு விடுறதே இல்லை” என்றார்.

“எத்தனை வருஷமாக அம்மா?” என்று கேட்டேன்.

“அது ஆச்சுங்கய்யா, ரொம்ப வருஷம்.”

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். “உங்ககிட்டே போய் எப்படிங்கய்யா சொல்றது?” என்றார்.

ஊரில் எத்தனையோ பேருக்குப் புத்தி சொல்லியவன் நான். எனக்குச் சொல்லத்தக்க ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, அதைச் சொல்லவும் துணியாமல், அத்தனை ஆண்டுகளாக அந்தத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை என் துவாரத்திடமிருந்து தாங்களே காத்து வந்திருக்கிறார்கள். கூலி வேலைக்கு வருபவர்களின் குழந்தைகள்தாம் காட்டில் இருப்பவர்கள். நிலத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அன்று.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். ஆறரை அங்குல விட்டமும் 400 அடி ஆழமும் உள்ள உருளையின் கன அளவு எவ்வளவு? எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். 92 கன அடி. லாரிக்காரர்கள் ஒரு யூனிட் என்று சொல்வது 100 கன அடி. அதாவது, ஒரு டிராக்டர் வண்டிச் சரளை. நடுக்காட்டுப்பட்டிக்கு வந்த பெரிய யந்திரங்களையும், நூற்றுக்கணக்கான மனிதர்களின் கண்விழிப்பையும் நினைத்துப் பார்த்துவிட்டு, அந்த 92 என்னும் எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விதி ஒன்றும் புதிதன்று. 2010ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக வகுத்துவிட்டது. துளை போடுவதற்கு 15 நாள் முன்னதாக நிலத்துக்காரர் அதிகாரிகளுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போது வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். குழாயைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்தில், தரைக்கு மேல் 30 சென்டிமீட்டரும் கீழ் 30 சென்டிமீட்டரும் இருக்கும்படி சிமெண்டுத் திண்ணை அமைக்க வேண்டும். வாயை எஃகுத் தகட்டால் பற்றவைத்தோ, திருகு மூடியாலோ மூட வேண்டும். பழுது பார்க்க மோட்டாரைக் கழற்றினாலும் திறந்து போட்டுச் செல்லக் கூடாது. கைவிட்ட துளையைக் களிமண், மணல், கல் முதலியவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். தமிழ்நாட்டிலும் 2015இல் இதற்கெனத் தனி விதிகள் செய்யப்பட்டன. சாக்கும் கல்லும் எந்த விதியிலும் இல்லை.

மறுநாளே சரளை வந்தது. நிரப்புவதிலும் ஒரு முறை உண்டு. தெரியாமல் செய்தால் வேலை கெட்டுவிடும். வண்டியை அப்படியே கவிழ்த்தால், மேலே பத்தடியில் சரளை ஒன்றோடொன்று முட்டி அடைத்துக்கொள்ளும். கீழே வெற்றிடம் நின்றுவிடும். ஒரு மழைக்காலத்தில் அவ்வடைப்பு திடீரென்று உள்ளே போகும். ஆகையால், பெரிய கற்களைப் பொறுக்கி விலக்கிவிட்டு, இரண்டு ஆட்கள் கூடையால் சிறிது சிறிதாகப் போட்டார்கள். நான் நூல் கயிற்றில் ஒரு படிக்கல்லைக் கட்டி இடையிடையே இறக்கி ஆழத்தை அளந்து, குறித்துக்கொண்டே வந்தேன். அடியில் ஏற்கெனவே மண் தூர்ந்திருந்தபடியால், கணக்கில் கண்டதைவிடக் குறைவாகவே பிடித்தது. அகன்றுபோன வாய்க்கு மட்டும் களிமண்ணைப் பிசைந்து திமிசுக் கட்டையால் இடித்தோம். மாலை நான்கு மணிக்கு முடிந்துவிட்டது. அவ்வருஷத்து மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அந்த இடம் ஒரு சாண் தாழ்ந்திருந்தது. இன்னும் இரண்டு கூடை மண் போட்டு மேடாக்கினேன். நிரப்பியவர்கள் ஒரு மழை கழிந்ததும் மறுபடி ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.